தேக்கிய நீர்

அக்டோபர் 4, சனி

பதினொன்றாவது தொட்டி முடிந்தது.

இரண்டு பெயிண்ட் வாளிகள், ஒன்றுக்குள் ஒன்று. கீழ் வாளியில் தண்ணீர், மேல் வாளியில் மண். மேல் வாளியின் அடியை வெட்டி, அங்கே துளையிட்ட ஒரு டம்ளரைப் பொருத்தியிருக்கிறேன். அதில் அடைத்த மண் தண்ணீருக்குள் கால் நனைத்து நிற்கும். மேலிருக்கும் மண் தனக்கு வேண்டியதை அதன் வழியாக இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்ற, ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பிவிசி குழாய். அதிகமானது வெளியேற, பக்கத்தில் ஒரு துளை. ஒருமுறை நிரப்பினால் ஒன்பது நாள்.

தக்காளி நான்கு, கத்திரி மூன்று, மிளகாய் இரண்டு, புதினா, கொத்தவரை.

போன வருடம் வைத்தவை எல்லாம் செத்தன. நான் கொல்லவில்லை. மறந்துவிட்டேன். இந்தத் தொட்டிகளுக்கு என் நினைவு தேவையில்லை.

குழாயின் வாயிலும் பக்கத் துளையிலும் கொசுவலைத் துண்டு கட்ட வேண்டும் என்று காணொளியில் சொன்னார்கள். வலை வாங்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

எட்டாம் வகுப்பு இலக்கணத் துணைநூல் மெய்ப்பு. நாற்பது பக்கம் பார்த்தேன். பக்கத்துக்கு இரண்டு பிழை. ஒற்றுப் பிழைகளைத் திருத்தும்போது மட்டும் எனக்கு உலகத்தின் மேல் கோபம் வருவதில்லை.

காலை ஐந்தரைக்குக் கீழே கிரைண்டர் தொடங்கிவிடுகிறது. தரைத்தளத்தில் ரெஜினா அக்கா. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார், தனி ஆள். முன்கட்டு முழுக்க நீல டிரம்கள், தண்ணீர். முதல் மாடியில் திருமூர்த்தியும் சுகந்தியும் அவர்களுடைய ஆறு வயது மகள் பவதாரிணியும். சுகந்திக்கு ஏழாம் மாதம். மொட்டை மாடியின் ஒற்றை அறையில் நான். வீட்டுக்காரர் சிதம்பரநாதன் அடுத்த தெருவில் இருக்கிறார்.

மாலையில் பவா மேலே வந்துவிடுகிறாள். குழாயில் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை என்று அவளே முடிவு செய்துகொண்டாள். ஊற்றிவிட்டுக் குழாயில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே செடி குடிக்கும் சத்தம் கேட்கிறதாம். எனக்குத் தொட்டி மாமா என்று பெயர்.

அக்டோபர் 13, திங்கள்

நான்கு குழாய்களின் வாயில் துணி அடைத்திருக்கிறது. சுருட்டி, நன்றாக அழுத்தி.

பவா இல்லையாம். சத்தியம் செய்தாள். தண்ணீர் ஊற்ற முடியாமல் அவளும் கோபமாக இருந்தாள்.

திருமூர்த்தி மாடிக்கு வருவதேயில்லை. துணி உலர்த்த வருவது ஒருவர்தான்.

பிடுங்கி எறிந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

பிடுங்கிய துணியை முகர்ந்து பார்த்தேன். புளித்த மாவு.

என்ன வேண்டும் அவருக்கு? கொடிக்கு இடம் போதவில்லை என்றால் சொல்லலாம். நேரே சொல்லாமல் ஒரு பொருளின் வாயை அடைத்துவிட்டுப் போவது ஒருவகைப் பேச்சு. அந்தப் பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

படியில் எதிர்ப்பட்டபோது ஏதோ சொல்ல வாயெடுத்தார். காதில் இயர்போன் இருந்தது. பாட்டு ஓடவில்லை. கழற்றாமல் இறங்கிவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். எல்லாத் தொட்டிகளையும் விளிம்புவரை நிரப்பினேன். ஒன்பது நாள். கணக்குச் சரியாக இருக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

திரும்பி வந்தேன். ஒரு செடிகூட வாடவில்லை. தக்காளி என் முழங்காலைத் தாண்டிவிட்டது. ஒன்பது நாள் நான் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை, செடிகள் உட்பட. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம்தானா என்று தெரியவில்லை.

மூன்று குழாய்களில் மறுபடியும் துணி. அதே வாசனை.

என் அறைக்கும் மாடிக்கும் சேர்த்துப் படியின் முடிவில் ஒரு கம்பிக்கதவு உண்டு. இதுவரை பூட்டியதில்லை. இன்று பூட்டினேன். சாயங்காலம் ரெஜினா அக்கா ஈரத்துணி வாளியுடன் வந்து சாவி கேட்டார். இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் இறங்குவதை எண்ணினேன். முப்பத்தாறு படி, நடுவில் இரண்டு முறை நின்றார்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. பவா வந்தாள். கதவைத் திறந்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டேன். காலைச் சொறிந்துகொண்டே தண்ணீர் ஊற்றினாள். முழங்காலுக்குக் கீழே தடிப்புத் தடிப்பாக. பள்ளிக்கூட மைதானத்து மணலாக இருக்கும்.

ஒரு தக்காளி பழுத்தது. அவளுக்கே கொடுத்தேன்.

அக்டோபர் 29, புதன்

மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கும் அம்மா வந்திருந்தார். நீலக் கோட்டு, கையில் பதிவேடு. முதல் மாடி வரை ஏறியவர் அங்கேயே கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“மேல தண்ணி தேங்குற மாதிரி ஏதாச்சும் இருக்கா சார்? முட்டி ரெண்டும் போச்சு, இதுக்கு மேல ஏற முடியல. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரி.”

இல்லை என்றேன். பதிவேட்டில் ‘தேங்கிய நீர்: இல்லை’ என்று எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

அது பொய் இல்லை. தேங்குவது தன்வினை. நீர் தானாக, யாருமறியாமல், போக வழியில்லாமல் நிற்பது. என்னிடம் இருப்பது தேக்கிய நீர். பிறவினை. ஒருவன் ஒரு காரணத்துக்காக நிறுத்தி வைத்தது. அதுகூட நிற்கவில்லை, மண் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்த வாரம் நான் திருத்தும் பாடமே இதுதான். கேள்வி வேறு வினையில் இருந்தது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன்.

கீழே நிறைய டிரம் இருக்கிறது, பாருங்கள் என்றும் சொன்னேன். தகவலுக்காக.

நவம்பர் 1, சனி

பவா வரவில்லை. காய்ச்சலாம். நூற்று மூன்று.

நவம்பர் 3, திங்கள்

டெங்கு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். திருமூர்த்தி என் வண்டியைக் கேட்டார், கொடுத்தேன். சுகந்தியையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். வயிற்றில் பிள்ளையோடு அந்த வீட்டுக்குப் போகாதே, எங்கே கொசு உற்பத்தியாகிறது என்று தெரியட்டும் என்று டாக்டர் சொன்னாராம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கே உற்பத்தியாகிறது.

நவம்பர் 4, செவ்வாய்

நான்கு பேர் வந்து வீடு முழுக்கப் புகை அடித்தார்கள். கண் எரிந்தது. ரெஜினா அக்காவின் டிரம் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தினமும் தேய்த்துக் கழுவுகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் ஏறவில்லை. அது எனக்குச் சந்தேகமாக இருந்தது. தவறு செய்யாதவர்கள் கத்துவார்கள் என்று ஏன் நினைக்கிறேன்?

புழு எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்காரர் டிரம்களைக் காட்டிக் காட்டிப் பேசினார். கிரைண்டர் சத்தம் பற்றி அவருக்கு இரண்டு வருடக் குறை உண்டு. அதையும் இதனோடு சேர்த்துவிட்டார்.

மாடியைப் பார்க்க ஒருவர் படியில் கால் வைத்தார். இன்னொருவர் பதிவேட்டைப் புரட்டி, மேலே ஒன்றுமில்லை, கையெழுத்து இருக்கிறது என்றார். இறங்கிவிட்டார்கள். நான் படியின் கீழேதான் நின்றிருந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

பவாவின் ரத்தத் தட்டணுக்கள் அறுபத்து நாலாயிரம். திருமூர்த்தி போனில் சொன்னார். எவ்வளவு இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 5, புதன்

வேலை ஓடவில்லை. சுற்றிப் பார்த்தேன்.

பக்கத்துக் காலிமனை. இளநீர்க் கூடுகள், கவிழ்ந்தே கிடக்கின்றன. எதிர் வீட்டு ஏசிக்குக் கீழே பக்கெட், காய்ந்திருந்தது. திருமூர்த்தி வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது, துணி எடுத்துத் தரக் கொடுத்தது. ஃப்ரிட்ஜின் பின்தட்டை இழுத்துப் பார்த்தேன். தூசி. மூலைக்கடையின் பழைய டயர், ஓட்டை போட்டிருக்கிறார்கள். ரெஜினா அக்கா மாவு போடப் போன நேரத்தில் அவருடைய டிரம்களை நானும் பார்த்தேன். துணி போட்டு, கயிறு சுற்றி, இறுக்கிக் கட்டியிருந்தன. அவிழ்த்தேன். அடி தெரிந்தது. என் முகமும் தெரிந்தது. அவர் கட்டியதுபோல எனக்குத் திருப்பிக் கட்ட வரவில்லை.

இந்தத் தெருவில் எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். அது நடிப்பாக இருக்க முடியாதா?

என் தொட்டிகளைப் பார்க்க வேண்டியதில்லை. அவை மூடியவை.

முப்பத்தோராயிரம்.

நவம்பர் 6, வியாழன்

குழாய்க்குள் டார்ச் அடித்தேன்.

நவம்பர் 6, மதியம்

முதலில் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தில் தண்ணீர் கறுப்பாக மினுக்கும், அவ்வளவுதான். கண் பழக வேண்டும். பழகியபின், மேற்பரப்பில் தொங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் வெளிச்சத்துக்குப் பயந்து ஒரே நேரத்தில் கீழே போயின. வளைந்து, நிமிர்ந்து, வளைந்து. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

பதினொன்றிலும்.

துணி அடைத்திருந்த மூன்றைக்கூட நான்தான் திறந்துவிட்டேன். அவர் அன்று படியில் என்ன சொல்ல வந்தார் என்பதை இனி கேட்க முடியாது.

பவா குழாயில் காதை வைத்துக் கேட்பாள்.

இருபத்திரண்டாயிரம். பல் துலக்கும்போது ரத்தம் வந்ததாம்.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் தொட்டிகளைச் சாய்த்துக் கொட்டினேன். ஒவ்வொன்றையும் இரண்டு கையால் பிடித்து, துளை இருக்கும் பக்கம் சரித்தால் தண்ணீர் வருகிறது. வெயிலில் சுட்ட தளத்தில் அவை கொஞ்ச நேரம் துள்ளின. பிறகு ஈரம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. இவ்வளவு எளிது. பத்து நிமிடத்தில் ஒரு தொட்டி யாரையும் ஒன்றும் செய்யாத தொட்டியாகிவிடுகிறது.

இனி இந்த வீட்டில் புதிதாகக் கொசு வராது. சுகந்தி திரும்பி வரலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தெரிந்து என்ன ஆகப் போகிறது? தட்டணு ஏறுமா?

பத்தாவது தொட்டியைக் கொட்டிக்கொண்டிருந்தபோது கீழே வீட்டுக்காரரின் குரல். கைப்பிடிச் சுவரிலிருந்து கேட்டேன். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார். ஒரு பிள்ளை உயிருக்குப் போராடுகிறது, இதற்கு மேல் உன்னை வைத்திருந்தால் தெருவே என்னைக் காறித் துப்பும் என்றார். ரெஜினா அக்கா எங்கே போவேன் என்று கேட்கவில்லை. பத்து டிரம்மும் கிரைண்டரும் வைக்க யார் வீடு தருவார்கள் என்றும் கேட்கவில்லை. என் டிரம்மில் ஒரு புழுவைக் காட்டுங்கள், இன்றைக்கே போகிறேன் என்று மட்டும் சொன்னார். அவர் காட்டவில்லை. போகச் சொன்னார்.

பதினோராவது தொட்டியைக் கொட்டவில்லை. குழாயின் வாயிலும் துளையிலும் பிளாஸ்டிக் தாளை வைத்து ரப்பர்பேண்டும் டேப்பும் போட்டு இறுக்கினேன். ஏன் விட்டுவைத்தேன் என்று எழுத மாட்டேன்.

முப்பத்தெட்டாயிரம். ஏறுகிறது.

நவம்பர் 8, சனி

காலையில் போன். எழுபத்தோராயிரம். பவா இட்லி கேட்டாளாம். திருமூர்த்தி அழுதார். அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது: இனி சொல்ல வேண்டியதில்லை. அதை எழுதி வைக்கிறேன்.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் ஒரு புரோக்கரோடு வந்தார். கீழ்ப்பகுதியைக் காட்ட. ரெஜினா அக்கா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார், இருவரும் அவரைத் தாண்டிப் போய்ச் சமையலறையின் நீள அகலத்தைப் பேசினார்கள். மாற்று உடை எடுக்க வந்த திருமூர்த்தி படியில் நின்றிருந்தார். நானும் இறங்கினேன்.

கொசு என் தொட்டியிலிருந்து வந்தது என்றேன்.

இத்தனை நாள் மனதுக்குள் அந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாகத் திருத்தியிருந்தேன். வந்தது மிகச் சாதாரணமாக இருந்தது. வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்தார்.

“தம்பி, நல்ல மனசு உங்களுக்கு. அந்தம்மாவுக்காகப் பேசுறீங்க. ஆனா செய்யாத தப்ப நீங்க ஏன் தலையில போட்டுக்குறீங்க? அதான் மேல ஒண்ணுமில்லன்னு கையெழுத்தே போட்ருக்கீங்களே.”

அது பொய் என்றேன். அவர் சிரித்தார். புரோக்கரிடம், இவர் புத்தகமெல்லாம் திருத்துகிறவர், தனியாக இருக்கிறார், ரொம்ப யோசிப்பார் என்றார். என்னை அறிமுகம் செய்வதுபோல.

அப்போதுதான் புரிந்தது. என் வார்த்தை இவரிடம் செல்லும். எனக்கு எதிராக மட்டும் செல்லாது. அன்று ஒரு வார்த்தை சொன்னேன், நான்கு பேர் படியிலிருந்து திரும்பிப் போனார்கள். ரெஜினா அக்கா நான்கு நாளாகச் சொல்கிறார், ஒருவரும் நிற்கவில்லை.

மேலே போனேன். பதினோராவது தொட்டியைத் தூக்கினேன். மண்ணும் தண்ணீரும் சேர்ந்து இருபத்தைந்து கிலோ இருக்கும். கத்திரிச் செடி முகத்தில் அடித்தது. முதல் மாடியில் ஒருமுறை இறக்கி வைத்தேன். திருமூர்த்தி உதவிக்கு வரவில்லை. என்ன கொண்டுவருகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கீழே ரெஜினா அக்காவின் அகலமான வெள்ளை பேசின் காலியாக இருந்தது. கேட்காமல் இழுத்தேன். டேப்பைப் பிய்த்து, தொட்டியைச் சரித்தேன்.

வெள்ளையில் எல்லாம் தெரியும். டார்ச் வேண்டியதில்லை, கண் பழகவும் வேண்டியதில்லை. நூறு, நூற்றைம்பது. சில கூட்டுப்புழுவாகிக் காற்புள்ளிபோல் வளைந்து மிதந்தன. கலங்கிய தண்ணீர் அடங்க அடங்க இன்னும் தெரிந்தன. புரோக்கர் இரண்டடி பின்னால் போனார். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

இப்படிப் பதினொன்று இருந்தது, பத்தை நேற்றுக் கொட்டிவிட்டேன், அக்கா அடைத்த துணியையும் நான்தான் பிடுங்கினேன் என்றேன்.

திருமூர்த்தி பேசினுக்கு அருகில் குந்தி உட்கார்ந்தார். விரலால் தண்ணீரைத் தொட்டார், எல்லாம் கீழே போயின.

“எப்பலேருந்து சார் தெரியும் உங்களுக்கு?”

வியாழக்கிழமையிலிருந்து என்றேன்.

அவர் மனதுக்குள் நாளை எண்ணுவது தெரிந்தது. வியாழக்கிழமை பவாவுக்கு ஈறில் ரத்தம் வந்த நாள். வெள்ளிக்கிழமை முழுக்க நான் அவரோடு போனில் பேசியிருக்கிறேன், மூன்று முறை. எழுந்தார். என் வண்டிச் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, என் கையில் தராமல், படிக்கட்டில் வைத்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வியாழக்கிழமை என்று சொன்னது உண்மைதான். இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தால் வேறு தேதி வரலாம். திருப்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பினார். மாடியைச் சுத்தமாகக் காலி பண்ணிவிடுங்கள் தம்பி என்றார். ‘தம்பி’யில் பழைய இனிப்பு இல்லை. தொட்டிகளையா என்னையா என்று விளங்கவில்லை, கேட்கவும் இல்லை. புரோக்கரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ரெஜினா அக்காவைப் பார்த்து அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத வெளியில மண்ணுல கொட்டுங்க. சாக்கடையில ஊத்திராதீங்க, அங்க போயும் பொழச்சுக்கும். கொட்டிட்டு பேசினத் தேச்சுக் கழுவிக் குடுத்துட்டுப் போங்க தம்பி. சாயங்காலம் அரிசி ஊறப் போடணும்.”